மாத்திரையும் ஜெபமும்: எளிய விசுவாசம் வீட்டில் வளரும் விதம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,

உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கப்படுகிற இந்த ஆஸ்பத்திரி ஊழியத்தில், நோயாளிகளின் கட்டிலருகே நின்று ஜெபிக்கும் பாக்கியத்தை ஆண்டவர் எனக்குத் தந்திருக்கிறார். வார்டுகளில் ஒரு கேள்வியை நான் பலமுறை சந்திக்கிறேன். சிலர் அதை வாய்திறந்து கேட்கிறார்கள். சிலர் கேட்கத் துணியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "ஐயா, எனக்கு உண்மையான விசுவாசம் இருந்தால் இந்த மருந்து எதற்கு?" என்பதே அந்தக் கேள்வி.

இதை விசுவாசம் இல்லாதவர்கள் கேட்பதில்லை. ஜெபிக்கிறவர்கள்தான் கேட்கிறார்கள். அதனால்தான் குடும்பங்களிலும் சபைகளிலும் எளிய விசுவாசத்தை வளர்ப்பது எப்படி என்பதைக் குறித்து இந்த இதழில் எழுத விரும்பினேன். முதலில் என் சொந்த வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேசின் பிரிட்ஜில் ஒரு வீடு

நான் வளர்ந்தது பேசின் பிரிட்ஜில். சென்ட்ரலுக்கு வந்து சேரும் ரயில்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் யார்டு ஒரு பக்கம், பக்கிங்காம் கால்வாய் ஒரு பக்கம். என் தகப்பனார் யார்டில் கலாசி வேலை பார்த்தார். இரவெல்லாம் பெட்டிகள் மோதிக் கோக்கப்படும் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, வேதத்தில் சில வசனங்கள், அம்மாவின் ஜெபம். பத்து நிமிஷத்துக்கு மேல் போகாது. எப்போதாவது எஞ்சின் விசில் நீளமாக ஊதினால், அம்மா ஜெபத்தை நிறுத்தி, அது ஓய்ந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

1974-ல் அப்பாவுக்குக் காசநோய் வந்தது. அந்த நாட்களில் ஓர் ஆண்டுக்கு மேல் ஊசியும் மாத்திரையுமாகச் சிகிச்சை எடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்தது, காய்ச்சல் நின்றது, சாப்பாடு இறங்கியது. அந்தச் சமயத்தில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்துப் போனார்கள். ஆண்டவர் சுகம் கொடுத்தபின் மாத்திரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அவிசுவாசம் என்று அங்கே ஒருவர் சொன்னார். அப்பா அன்றிரவே மாத்திரைப் பொட்டலத்தைக் கால்வாயில் எறிந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து இருமல் திரும்பி வந்தது. இந்த முறை இரத்தத்தோடு வந்தது. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். மருத்துவரின் கோபத்துக்கு அவர் பயப்படவில்லை. தன் விசுவாசம் போதவில்லை என்ற வெட்கமே அவரைத் தடுத்தது. ஜெபத்திலும் வாய்திறக்காமல் உட்கார்ந்திருப்பார். நோயைவிட அந்த வெட்கம் எங்கள் வீட்டை அதிகமாக வாட்டியது.

ஒருநாள் அம்மாவே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லி, மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சிகிச்சை முதலிலிருந்து தொடங்கியது. அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அம்மா மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தார்கள். பிறகு அப்பாவிடம், "இதுவும் ஆண்டவர் குடுத்ததுதாங்க. ஸ்தோத்திரம் சொல்லிட்டு முழுங்குங்க" என்றார்கள். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஸ்தோத்திரம் என்று சொல்லி விழுங்கினார். சிகிச்சை முடியும்வரை ஒவ்வொரு நாளும் எங்கள் ஜெபத்தின் கடைசிப் பகுதி அதுவாகவே இருந்தது.

என் தாயார் வேதசாஸ்திரம் படித்தவர்கள் அல்ல. ஆனால் எளிய விசுவாசம் என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால், மாத்திரையோடு நீட்டிய அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

எளிய விசுவாசம் என்றால் என்ன?

ஆண்டவர் சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொல்லி, அவர்களைப் போலத் தேவனுடைய ராஜ்யத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று போதித்தார். இதைக் கேட்கும் சிலர், எளிய விசுவாசம் என்றால் கேள்வி கேட்காமல், எதையும் ஆராயாமல் நம்பிவிடுவது என்று எண்ணுகிறார்கள். சிறுபிள்ளைகளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அவர்களைப் போலக் கேள்வி கேட்கிறவர்கள் யாரும் இல்லை! நம்புகிறவரிடம்தான் பிள்ளை தயங்காமல் கேட்கும்.

சிறுவயதில் அப்பாவோடு யார்டைக் கடந்து போயிருக்கிறேன். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆகையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டால் எனக்குப் பயமில்லை. ஆனால் அப்பாவே ஒவ்வொரு தண்டவாளத்திலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் என்னைக் கடக்கவைத்தார். நான் அவரை நம்பியதால் அவர் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. அவர் நில் என்றால் நான் நின்றேன். அதுவும் நம்பிக்கைதான்.

எளிய விசுவாசம் ஒரு பலனை நம்புவது அல்ல, ஒருவரை நம்புவது. "நான் கேட்டது கேட்டபடி கிடைக்கும்" என்பது பலனின்மேல் வைத்த நம்பிக்கை. கிடைக்காவிட்டால் அது உடைந்துபோகும், அல்லது என் அப்பாவைப் போல ஒருவனை வெட்கத்தில் தள்ளும். "என் பரமபிதா என்னைக் கைவிடார்" என்பது ஒருவர்மேல் வைத்த நம்பிக்கை. அது மருந்தோடும் நிற்கும், ஆபரேஷன் தியேட்டரிலும் நிற்கும், கல்லறைத் தோட்டத்திலும் நிற்கும்.

வேதத்தில் உள்ள வீடுகள்

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவனுடைய பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். சிறுவயது முதலே அவன் வேத எழுத்துக்களை அறிந்திருந்தான். இதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு இருந்தது என்பதையும், அதற்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் ஆலோசனை சொன்னார் என்பதையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். விசுவாசத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் பலவீனம் வந்தது. அவனுடைய விசுவாசம் குறைவு என்று பவுல் குற்றஞ்சாட்டவில்லை.

எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்டார். அதன்பின் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டும்படி ஏசாயா சொன்னார். ஜெபமும் பத்தும் ஒரே சம்பவத்தில் இருக்கின்றன. பவுலோடு பிரயாணப்பட்ட லூக்கா ஒரு வைத்தியர். துரோப்பீம் என்ற உடன் ஊழியக்காரரை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்ததையும் பவுல் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலர்களின் கூட்டத்தில் வியாதியஸ்தர்களும் இருந்தார்கள், வைத்தியரும் இருந்தார், ஜெபமும் இருந்தது.

இங்கே வந்து ஆஸ்பத்திரி கட்டியவர்கள்

ஜெபத்தை நம்பியவர்கள்தான் நம்முடைய பகுதியில் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் 1860-ல் பிறந்த டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையார், பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் லண்டனில் படித்துத் தேறி, 1888-ல் சென்னைக்கு வந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஒரு சிறிய மருந்தகமாக அவருடைய ஊழியம் தொடங்கியது. அது வளர்ந்து 1914-ல் ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியாக எழுந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இன்றும் பேசின் பிரிட்ஜிலிருந்து சற்றுத் தூரத்தில் நிற்கிறது. விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்ற கேள்விக்கு, செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதப்பட்ட பதில் அது.

இன்னொரு குடும்பத்தையும் நினைத்துப் பார்ப்போம். டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பிலே பல ஆண்டுகள் ஊழியஞ்செய்து, 1836-ல் சென்னைக்கு வந்தார். அவரும் ஹாரியட் அம்மையாரும் வளர்த்த ஆண்மக்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனெரிகளானார்கள். இதைக் கேட்டால், "எங்கள் வீட்டில் ஒன்றுகூட அப்படி வரவில்லையே" என்று சில பெற்றோருக்கு மனம் சோர்ந்துபோகும். அவர்களுக்காக அந்தக் குடும்பத்தின் பேத்தி ஐடா ஸ்கட்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். மிஷனெரி வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்பதே அவருடைய தீர்மானம். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோரோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அந்த இரவுக்குப்பின் அவர் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தம் ஊழியத்தைத் தொடங்கினார். அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது.

விசுவாசம் வீட்டுப் பத்திரத்தைப் போலப் பெயர் மாற்றி எழுதிக் கொடுக்கக்கூடியது அல்ல. வீடு விதையைப் போடுகிறது. அது எந்த இரவில் முளைக்கும் என்பது ஆண்டவருக்குத் தெரியும். ஆகவே ஆலயத்துக்கு வர மறுக்கும் மகனிடமும் மகளிடமும் அவசரப்படாதேயுங்கள், சோர்ந்தும் போகாதேயுங்கள்.

மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது?

காசநோய்க் கிருமிகளில் வேகமாகப் பெருகுகிறவை சிகிச்சையின் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் இருமல் குறைகிறது, காய்ச்சல் விடுகிறது, எடை கூடுகிறது. நோயாளி சுகமானதாக உணருகிறார். ஆனால் மெதுவாக வளரும் சில கிருமிகள் உள்ளே பதுங்கியிருக்கும். அவற்றை அழிக்கத்தான் மீதி மாதங்கள் வேண்டும். பாதியில் நிறுத்தினால் அவை மறுபடியும் பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ, அந்த மருந்துகளுக்கே அடங்காத கிருமிகளாக மாறிவிடலாம். அப்போது சிகிச்சை கடினமாகிறது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அதே கிருமி பரவக்கூடும். இன்று, மருந்துக்கு அடங்கும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மையங்களில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

மற்ற வியாதிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத சர்க்கரை நோயாளிகள் அதைச் சில நாட்கள் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. ஆண்டவர் சுகம் தந்தார் என்று நீங்கள் விசுவாசித்தால், அதை மருத்துவர் பரிசோதித்துப் பார்க்கட்டும். ஆண்டவர் சுகமாக்கிய குஷ்டரோகிகளையே ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கச் சொன்னாரே! உண்மையான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது.

வீட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களைச் சானடோரியத்தில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பார்கள் என்று எண்ணினார்கள். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இதைச் சோதித்தது. ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை, மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே சிகிச்சை. 1959-ல் வெளிவந்த முடிவு உலகத்தையே யோசிக்கவைத்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டபோது வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. ஏழை வீடும் குணமாகும் இடமாக இருக்க முடியும். அதற்குத் தேவை, மருந்தை நாள் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் ஒரு கை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. குடும்ப ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும், ஆனால் தவறாமல் இருக்கட்டும். ஷிப்டு வேலை செய்கிற வீடுகளில் எல்லோரும் கூடும் நேரம் பத்து நிமிஷந்தான் என்றால், அந்தப் பத்து நிமிஷத்தை ஆண்டவருக்குக் கொடுங்கள். பிள்ளைகள் தூங்கி விழும்வரை நீட்ட வேண்டாம்.

2. பிள்ளைகள் கேட்கும் கேள்வியை அடக்க வேண்டாம். "பக்கத்து வீட்டு ஆயாவுக்காக ஜெபம் பண்ணினோமே, ஏன் செத்துப்போனாங்க?" என்று பிள்ளை கேட்டால், "எனக்கும் தெரியலைடா கண்ணு, ஆனா ஆண்டவர் ஆயாவை விட்டுடலை" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பெற்றோரை, தெரிந்ததைச் சொல்லும்போது பிள்ளை நம்பும்.

3. கேட்டது கிடைத்த ஜெபங்களை மட்டும் சொல்லாதேயுங்கள். கிடைக்காத ஜெபங்களையும், அந்த நாட்களில் ஆண்டவர் உங்களை எப்படித் தாங்கினார் என்பதையும் சொல்லுங்கள். அக்கினிச் சூளைக்குமுன் நின்ற மூன்று வாலிபர்களும், தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு, விடுவிக்காமற்போனாலும் விக்கிரகத்தை வணங்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகள் கற்க வேண்டும்.

4. தவறு செய்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். என் அப்பா பின்னாளில் எங்களிடம், "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. ஆண்டவர் என்னைக் கைவிடலை" என்றார். பல பிரசங்கங்களைவிட அந்த வார்த்தை என்னை விசுவாசத்தில் நிறுத்தியது.

5. வீட்டில் யார் மாத்திரை சாப்பிட்டாலும், ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடப் பழக்குங்கள். உணவுக்கு நன்றி சொல்லுகிறோம், மருந்துக்கும் சொல்லுவோம்.

சபை செய்யக்கூடியவை

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு இறக்கினார்கள். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று வேதம் சொல்லுகிறது. சுமந்து வந்தவர்களின் விசுவாசமும் அங்கே கணக்கிடப்பட்டது. படுத்திருப்பவனுக்கு விசுவாசம் போதுமா என்று சபை அளந்து பார்க்க வேண்டியதில்லை. கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்தால் போதும்.

ஆகவே, வியாதியஸ்தரிடம் போய் அவர்களுடைய பாவத்தையோ அவிசுவாசத்தையோ தேடாதிருப்போம். சாட்சி நேரத்தில் மருந்தை நிறுத்தியதை விசுவாசத்தின் அடையாளமாகப் பாராட்டாதிருப்போம். காசநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் சபையில் இருந்தால், அவர் சம்மதித்தால், தினமும் ஒரு சகோதரனோ சகோதரியோ போய் மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்து, ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு வரலாம். மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு வரும் நாட்களில் மருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கலாம். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், வாலிபர்கள் ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லட்டும். இவை இரண்டும் ஒரே விசுவாசத்தின் கிரியைகள். தன் பிள்ளையின் வியாதிக்காக ஆண்டவரிடம் வந்த ஒரு தகப்பன், தான் விசுவாசிப்பதாகச் சொல்லி, தன் அவிசுவாசம் நீங்கவும் உதவி கேட்டான். அந்தக் குறைவான விசுவாசத்தோடு வந்தவனை ஆண்டவர் வெறுமையாய் அனுப்பவில்லை. நம் சபைகளும் அப்படிப்பட்டவர்களை அனுப்பிவிடக்கூடாது.

என் தகப்பனார் சிகிச்சையை முடித்து மறுபடி வேலைக்குப் போனார். ஆனால் முதல்முறை நிறுத்தியதால் நுரையீரலில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. பாரம் தூக்கும் வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை. மேலும் பதினொரு ஆண்டுகள் இருந்து, எங்கள் எல்லோரையும் படிக்கவைத்துவிட்டு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் முழுச் சுகத்தோடு இன்னும் நீண்டநாள் இருந்திருக்கலாம் என்ற துக்கம் எனக்கு உண்டு. அந்தத் துக்கம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையால் வாங்கப்படும் மருந்தோடு உங்கள் ஜெபமும் நோயாளிகளின் கைக்கு வந்து சேருகிறது. பாதியில் சிகிச்சையை நிறுத்தியவர்கள் வெட்கமின்றித் திரும்பி வரவும், குடும்பங்களில் ஜெபவேளைகள் கட்டப்படவும், போதகர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஞானம் கிடைக்கவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் யாராவது மாத்திரை எடுத்துக்கொண்டால், அவர்களோடு ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரி ஊழியன்